ரிட்லி கீறிய இணைக்கோடுகள்

முதலாம் படிவத்தில் கணிதச் சோதனை ஒன்றில் எனக்கு இரண்டு புள்ளிகள் போயின. தாளில் இரண்டு கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மூன்றாவது கோடு ஒன்று. வெட்டும் இரண்டு இடங்களிலும் ஒரே பக்கத்தில் 65 பாகை. இவ்விரு கோடுகளும் இணையானவையா, காரணம் காட்டுக என்பது கேள்வி. ஆம், பார்த்தாலே தெரிகிறது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த யாருக்கும் அந்த முதல் ஆண்டு நினைவிருக்கும். காரிஸ் செலாரி, காரிஸ் ரெந்தாஸ் லிந்தாங், சுடுட் செபடான் என்ற சொற்கள் வாயில் நுழையவே ஒரு மாதம் பிடித்தது. இணைக்கோடு, குறுக்குவெட்டி, ஒத்த கோணம் என்று மனத்துக்குள் மாற்றி வைத்துக்கொண்டேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதை எதற்காக நிறுவ வேண்டும் என்ற எரிச்சல் மட்டும் போகவில்லை.

அந்த எரிச்சலைப் போக்கியவர் என் பாட்டி. அவருக்கும் முன்னால் அதற்குக் காரணமானவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. மலாயா ரப்பர் தொழிலின் தந்தை என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு நாம் கடந்துபோகிற மனிதர். எஸ்.பி.எம். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியதால் இந்தக் கட்டுரை.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு தேவாலயப் பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்து, 1880இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1887இல் பிரேசில் கடலோரத்துக்கு அப்பால் உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்ற தீவுக்குச் செடிகொடிகளை ஆராயப் போனார். மறு ஆண்டே, 1888 நவம்பரில், நீரிணைக் குடியேற்றங்களின் தோட்ட, காட்டு இலாகாக்களுக்கு இயக்குநராகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அதே ஆண்டின் இறுதியில்தான் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒருவருக்கு வேண்டியது மற்றவர் கையில் இருந்தது.

ரிட்லி வருவதற்கு முன்பே மரம் இங்கே வந்துவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக் மாநிலத்தின் கோலாகங்சாருக்கு அனுப்பி ஹியூ லோ தம் இல்லத்துத் தோட்டத்தில் நட்டார். ஆக, ரிட்லி வந்தபோது சிங்கப்பூர்ப் பூங்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய முதிர்ந்த மரங்கள் நின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றை என்ன செய்வதென்று எவரும் முடிவு செய்யவில்லை. தோட்ட முதலாளிகள் காப்பிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் மரத்தில் இல்லை, வெட்டில் இருந்தது. பிரேசில் காடுகளில் பால் எடுப்பவர்கள் சிறு கோடாலியால் மரத்தைக் கொத்தினார்கள். பால் வந்தது. ஆனால் கோடாலி பட்டையைத் தாண்டி உள்ளே போய்விடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளர்படை என்ற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். அது காயப்பட்டால் அந்த இடத்தில் கரடுமுரடாக முடிச்சு விழுந்துவிடும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. எல்லையில்லாத காட்டில் ஒரு மரம் கெட்டால் அடுத்த மரத்துக்குப் போகலாம். விலை கொடுத்து நிலம் வாங்கி, ஐந்து ஆறு ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த மரத்தை அப்படிக் கொத்த எந்த முதலாளி துணிவார்?

ரிட்லி அந்தச் சில மரங்களை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் சோதனை செய்தார். கொத்துவதற்குப் பதிலாகச் சீவினார். பட்டையில் சாய்வாக ஒரு கீறல். மறுமுறை புதிய இடம் தேடாமல் அதே கீறலின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய சீவல். அப்படி மறுபடி மறுபடி சீவும்போது பால் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைக் கண்டார். காலை வேளையில் பால் நன்றாக ஓடுவதைக் கண்டார். வளர்படையைத் தொடாமல் விட்டால் சீவிய இடத்தில் பட்டை திரும்ப வளர்வதையும் கண்டார். 1890களின் நடுப்பகுதிக்குள் முறை ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. மரத்தின் நடுவே செங்குத்தாக ஒரு வாய்க்கால். அதன் இரு புறமும் மேலிருந்து கீழாக அந்த வாய்க்காலில் வந்து சேரும் சாய்வான கீறல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மீனின் முள்ளைப் போல இருந்ததால் மீன்முள் வெட்டு என்றே அதற்குப் பெயர்.

நண்பர்களே, இந்தப் படத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். முதலாம் படிவத்தில் எனக்குப் புள்ளி போன அதே படம்தான் அது! செங்குத்து வாய்க்கால் குறுக்குவெட்டி. ஒரு பக்கத்துக் கீறல்கள் எல்லாம் அதை ஒரே கோணத்தில் தொடுகின்றன. ஆகவே அவை இணைக்கோடுகள்.

பாட்டி இதை எனக்கு வேறு விதமாகக் காட்டினார். அவர் அம்பாங்கான் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். (மரம் வெட்டுதல் என்றால் சாய்ப்பது அல்ல, பால் எடுக்கச் சீவுவது. இன்றைய தம்பி தங்கையருக்கு இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.) அவர் வெட்டிய நிரைகள் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. கோயிலுக்குப் பின்னால் மட்டும் யாரும் தொடாமல் மூன்று நான்கு கிழட்டுப் பால்மரங்கள் நிற்கின்றன. சோதனைத் தாளை நான் காட்டியதும் அவர் என்னை அங்கேதான் அழைத்துப் போனார்.

அவர் காலத்தில் மீன்முள் வெட்டு இல்லை. பல கீறல்கள் ஒரே நேரத்தில் மரத்துக்கு அதிகம் என்று பிற்காலத்தில் கண்டு, மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே ஒரு சாய்வுக் கோடு என்று ஆக்கிவிட்டார்கள். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. ஒட்டுக்கட்டிய மரமானால் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வு. பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தில் நேர்க்குத்தாக நில்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடமிருந்து வலமாக இறங்கும் கோடு அதிகக் குழாய்களை அறுக்கும். கோட்டின் இரு முனையிலும் செங்குத்தாக இரண்டு எல்லைக் கோடுகள் கீறியிருக்கும். மரம் முதன்முதலாக வெட்டுக்கு வரும்போது, நீளமான குச்சியில் சாய்வாகப் பொருத்திய தகரப் பட்டையை மரத்தில் சுற்றி அந்த முதல் கோட்டை இழுப்பார்கள். அதற்குப் பிறகு தகரம் கிடையாது. உளியும் கையும் கண்ணும்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு பட்டைதான் போகலாம்.

இங்கேதான் என் எரிச்சலுக்குப் பதில் கிடைத்தது. ஒரு நாள் வெட்டையும் மறுமுறை வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இணையாகத்தான் தெரியும், கோணலாக வெட்டியிருந்தாலும் கூட! மேல் முனையில் ஒரு மயிரிழை கூடுதலாகச் சீவிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் அன்று தெரியாது. மாதம் முடியும்போது தெரியும். கோடு தட்டையாகிப் பால் மங்குக்குப் போய்ச் சேராமல் பட்டை மேல் வழியும். கீழ் முனையில் கூடுதலாகச் சீவினால் கோடு செங்குத்தாகிப் பட்டை வீணாகும். பார்த்தாலே தெரிகிறது என்பது பால்மரத்திடம் செல்லாது. அதனால் பாட்டி கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதில்லையாம். உளியை வைக்கும்போது எல்லைக் கோட்டோடு அது எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை மட்டும்தான் பார்ப்பாராம். அந்தச் சாய்வு மாறாதவரை வெட்டு கெடாது என்றார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட பாட்டி, எனக்குப் போன இரண்டு புள்ளிகளுக்கான விடையைச் சொல்லிவிட்டார்.

அதை முறைப்படி நிறுவுவதும் கடினமில்லை. போன வெட்டும் இன்றைய வெட்டும் எங்கோ ஓரிடத்தில் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவ்விரு கோடுகளும் எல்லைக் கோடும் சேர்ந்து ஒரு முக்கோணம் உண்டாகவேண்டும். எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே உண்டாகும் கோணம், எதிரேயுள்ள இரண்டு உட்கோணங்களில் எதைக் காட்டிலும் பெரியது. ஆனால் இங்கே அந்த வெளிக்கோணமும் அதற்கு எதிரேயுள்ள உட்கோணமும் ஒரே அளவு, இரண்டும் 60 பாகை. சமமாக இருக்கும் ஒன்று எப்படிப் பெரியதாகவும் இருக்கமுடியும்? ஆகவே அப்படியொரு முக்கோணம் இல்லை. ஆகவே கோடுகள் சந்திக்கா. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் நூலின் முதல் பாகத்தில் 27, 28ஆம் தேற்றங்களாக வைத்தது இதைத்தான். மரம் உருண்டையாயிற்றே என்று கேட்பவர்கள் ஒரு தாளில் சாய்வாக இணைக்கோடுகள் வரைந்து குழலாகச் சுருட்டிப் பார்க்கலாம். சுருட்டினாலும் அவை ஒன்றையொன்று தொடா. பட்டையை உரித்து விரித்தால் பாட்டியின் வெட்டும் நேர்க்கோடுதான்.

எனக்குப் பிடிபட நாளான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடுகள் இணை என்று தெரிந்தால் கோணங்கள் சமம் என்பது ஒரு பாடம். கோணங்கள் சமம் என்று தெரிந்தால் கோடுகள் இணை என்பது வேறு பாடம். தேர்வில் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். யூக்ளிட் முதலாவதை 29ஆம் தேற்றமாகத் தனியே வைத்தார். அதற்கு மட்டும் இணைக்கோடுகளைப் பற்றிய அவருடைய ஐந்தாம் எடுகோளும் தேவைப்பட்டது. பாட்டி செய்தது இரண்டாவதை. கையில் இருந்தது கோணம், கிடைத்தது இணைக்கோடு.

ரிட்லியிடம் திரும்புவோம். முறை கைக்கு வந்தபிறகும் அதைக் கேட்க ஆளில்லை. சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் நீட்டுவாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடைசியில் அவர் பேச்சை நம்பிப் பெரிய அளவில் இறங்கியவர் மலாக்காவைச் சேர்ந்த சீன வணிகர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதற்குப் பிறகு பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் காப்பி விலை விழுந்தது. மோட்டார் வண்டி வந்தது. பைத்தியக்காரரிடம் விதை கேட்டுக் கூட்டம் வரத் தொடங்கியது. 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. 1913இல் ஆசியத் தோட்டங்களின் ரப்பர், பிரேசில் காட்டு ரப்பரை முந்திவிட்டது.

ரிட்லியின் வாழ்க்கையை எழுதுபவர்கள் இந்த இடத்தில் அவர் வெற்றியைப் பாராட்டிவிட்டு அவருடைய ஆர்க்கிட் மலர்களுக்குப் போய்விடுவார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. பிரேசில் காட்டுக்காரர் தம் கோடாலியோடு பருவத்துக்குப் பருவம் அலைந்தார். ரிட்லியின் மரமோ ஓரிடத்தில் நிரையாக நின்றது. ஆனால் விடியற்காலையில் அதனிடம் ஒரு கை வரவேண்டும். உளி அரை மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் காயம், மேலோட்டமாக நின்றால் பால் குறைவு. அந்தக் காலத்தில் இதை எந்த இயந்திரத்தாலும் செய்ய முடியவில்லை. ஒரு கைக்கு முந்நூறு, நானூறு மரம் என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு எத்தனை கைகள் வேண்டும்? அந்தக் கைகள் மரத்துக்குப் பக்கத்திலேயே, விடியும் முன் பெரட்டுக்களத்துக்கு வந்துவிடக்கூடிய தூரத்திலேயே, குடியிருக்கவும் வேண்டும். லயங்கள் எழுந்தது அதனால்தான். கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போனது அதனால்தான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்றே ஒன்றை அமைத்துக் கப்பல் செலவுக்கு வழி செய்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கங்காணி முறை 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. அதற்குள் நம் முன்னோர் இலட்சக்கணக்கில் இந்த மண்ணுக்கு வந்துவிட்டனர்.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்க ஒரு மனிதர் வழி கண்டார். அந்த வழிக்கு நாள் தவறாத கை வேண்டியிருந்தது, அந்தக் கை நம்முடையதாயிற்று. இதற்காக ரிட்லியைத் திட்டுவதும் சரியில்லை, கும்பிடுவதும் சரியில்லை என்பது என் எண்ணம். அவர் தாவரவியலாளர். மரத்தின் காயத்தை அளந்தார். மரத்தை வெட்டுபவரின் கூலியையும் லயத்தையும் தீர்மானித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஆனால் நம் பாடநூல்கள் அவருடைய சோதனையை ஓர் அத்தியாயத்திலும் நம் வருகையை வேறோர் அத்தியாயத்திலும் பிரித்து வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை. இவை இரண்டும் இணைக்கோடுகள் அல்லவே, மரத்தின் பட்டையில் சந்தித்துவிட்டனவே!

அவருடைய மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி தம் தோட்டத்தில் கண்ட கலப்பின ஆர்க்கிட் மலரை 1893இல் உலகுக்கு விவரித்து எழுதியவர் ரிட்லி. அதுவே 1981 முதல் சிங்கப்பூரின் தேசிய மலர். 1907இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1911இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, கியூ தோட்டத்துக்கு அருகிலேயே குடியிருந்தார். ஓய்வு என்பது பெயரளவில்தான். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி 1922 முதல் 1925 வரை ஐந்து பாகங்களில் எழுதி வெளியிட்டார். உலகெங்கும் விதைகள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றிய பெரிய நூல் 1930இல் வந்தது. எண்பது வயதைத் தாண்டிய பிறகே திருமணம் செய்துகொண்டார். நூறாவது பிறந்த நாளையும் கண்டுவிட்டு 1956 அக்டோபர் 24ஆம் நாள் இறந்தார். மெர்டேக்காவுக்குப் பத்து மாதங்கள் இருந்தன.

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் போன விடுமுறையில் பாட்டியிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகள் வெட்டியும் ரிட்லி என்ற பெயரை அவர் அன்றுதான் கேட்டார். மீன்முள் வெட்டைத் தாளில் வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, இத்தனை கோடு கீறினால் மரம் தாங்காதே என்றார். பிற்பாடு அதைத்தான் மாற்றிவிட்டார்கள் என்றேன். பிறகு அந்தத் துரை ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினார் என்று கேட்டார். அவரிடம் பெரிய மரங்களே கொஞ்சம்தான் இருந்தன என்று சொன்னேன். அப்படியானால் நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.